கண்கள் நீங்கலாக

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளை இன்னும் காயவில்லை. ரோபோவின் மார்பு, தோள், முழங்கால் எல்லாவற்றையும் குச்சியில் செருகி பால்கனியில் நிறுத்தியிருக்கிறேன். மார்புக்கு நீலம் கலந்த வெள்ளை, தோளுக்குச் சாம்பல் கலந்த வெள்ளை, முழங்காலுக்குச் சுத்த வெள்ளை. துணி உலர்த்த வந்த மனைவி பார்த்துவிட்டு, "எல்லாம் வெள்ளைதானே?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் இருப்பவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கைவந்த கலை.

எனக்கு ஒரு குறை உண்டு. பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டிப் பிளாஸ்டிக் ரோபோ செய்யும் எங்கள் மன்றத்தில் எல்லோர் வீட்டிலும் எதிர்ப்பு. ஒருவருடைய மனைவி பெயிண்ட் டப்பாக்களைக் குப்பையில் கொட்டிவிட்டாராம். இன்னொருவர் வாங்கும் பெட்டிகளைக் கார் டிக்கியிலேயே ஒளித்துவைக்கிறார். என் மனைவியோ, "வீட்லயே இருக்கீங்கள்ல, அது போதும்" என்கிறாள். கலைஞன் என்றால் கொஞ்சமாவது துன்பப்பட வேண்டாமா?

மார்ச் 9, ஞாயிறு

மன்றக் கூட்டம். தலைவர் பல் டாக்டர். அதனால் கூட்டம் எப்போதும் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில். தலைவர் ஒருவர், துணைத்தலைவர்கள் மூவர், செயலாளர், பொருளாளர். வெறும் உறுப்பினர் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். அதனால் எந்தத் தீர்மானம் வந்தாலும் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

இந்த வருடப் போட்டிக்கு ரோபோ மட்டும் போதாதாம். அதை ஓட்டும் பைலட் பெண் பொம்மையும் பக்கத்தில் நிற்க வேண்டும். தலைவர் எழுந்து நின்று சொன்னார்: "மெஷினை யார் வேணா ஒட்டிடலாம் சார். அந்தப் பொண்ணுக்கு உயிர் எங்க இருக்கு? கண்ணுல." சொல்லிவிட்டுத் தன் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். பல் டாக்டர் அதைச் செய்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

மார்ச் 13

பைலட் பெண் என் கட்டைவிரலைவிடச் சின்னவள். ஜப்பானிய கார்ட்டூன்களில் வரும் அனிமே முகம். மூக்கு ஒரு புள்ளி, வாய் ஒரு கோடு, மிச்சமெல்லாம் கண். இடது கண்ணை வரைந்தேன். யாரோ அறைந்துவிட்டதுபோல் இருந்தது. வலது கண்ணை வரைந்தேன். அறைந்தவன் யாரென்று அவளுக்குத் தெரியும்போல் இருந்தது. இரண்டையும் அழித்துவிட்டேன்.

மார்ச் 15

கண் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதை இங்கேயாவது உள்ளபடி எழுத வேண்டும்.

என் மனைவி கடைவீதியில் நக அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். விரல் நகத்தில் பூ, பறவை, நிலா, கேட்டதை வரைந்துகொடுப்பாள். மூன்று நாற்காலியும் நாள் முழுக்க நிறைந்திருக்கும். உறவினர்களிடம் நான் அதை "நகப்பூச்சுக் கடை" என்றுதான் சொல்வது வழக்கம். காலையில் சரக்கு அனுப்புகிறவரிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டே என் பின்னால் வந்து நின்றாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "குடுங்க இப்படி" என்று கை நீட்டினாள். "வெள்ளி கேட்டா தங்கம் அனுப்பியிருக்கீங்க, என்னண்ணே நீங்க?" என்று அவரிடம் கத்திக்கொண்டே வரைந்தாள். சண்டை முடிவதற்குள் இரண்டு கண்ணும் முடிந்துவிட்டன.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வேண்டும், அதற்காகக் காத்திருக்கிறாள் என்பதுபோல.

யோசித்துப் பார்த்தேன். மொத்த உருவத்தில் அந்தக் கண் எவ்வளவு இடம்? எள்ளளவு. மீதி அத்தனையும் என் உழைப்பு. இது என் படைப்பு இல்லாமல் வேறு யாருடையது?

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் பரிசு!

தலைவர் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துவந்து பைலட் முகத்தருகே பிடித்தார். ரோபோவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வெள்ளையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "எப்படி சார் போட்டீங்க இந்தக் கண்ணை?" என்றார்கள். "மூச்சை அடக்கணும்" என்றேன். அது பொய்யில்லை. அவள் வரைந்து முடிக்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "கண்ணைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

"நான் போட்டதுன்னு சொன்னீங்களா?"

"அந்தப் பேச்சே வரல."

கேடயத்தைத் துடைத்து டிவி பக்கத்தில் வைத்தாள்.

ஏப்ரல் 8

தலைவர் போன் பண்ணினார். மாதக் கடைசி ஞாயிறு நான் எல்லோர் முன்னாலும் கண் வரைந்து காட்ட வேண்டுமாம். வேறு ஊர் மன்றத்திலிருந்தும் வருகிறார்களாம். "பார்க்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். "மகிழ்ச்சி" என்று வந்தது. ஏன் இப்படி வருகிறது எனக்கு?

ஏப்ரல் 12, சனி

கண் வரையச் சொல்லிக்கொடு என்று மனைவியிடம் கேட்டேன். திடீரென்று எதற்கு என்றாள். ஆர்வம் என்றேன். அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! எனக்காகக் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தாள். வந்த ஆட்களை வேறு நாள் வரச் சொல்லிவிட்டாளாம். பிளாஸ்டிக் ஸ்பூன்களின் முதுகில் வரையவைத்தாள். "விரலை இறுக்காதீங்க. பிரஷ் என்ன ஓடியா போயிடும்?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினாள்.

என் ஸ்பூன்கள் எல்லாம் எங்கள் பிரிவில் வந்து நிற்கும் புகார்தாரர்களைப் போலவே பார்க்கின்றன.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

போகிற வழியில் மருந்துக்கடையில் பேண்டேஜ் வாங்கினேன். கிளினிக் மாடிப்படியில் நின்று வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். மேலே போய், வரும் வழியில் ஒரு படியில் தடுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். தப்பித்தேன் என்று நாற்காலியில் சாய்ந்தபோது கதவு திறந்தது. மனைவி. கையில் என் மெல்லிய பிரஷ். வீட்டு மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டேனாம், எனக்குக் கஷ்டமாகிவிடுமே என்று கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"கைக்கு என்னாச்சு?" முகமே வெளுத்துவிட்டது அவளுக்கு. ஓடிவந்து பிடித்துப் பார்த்தாள். பேண்டேஜ் மடிப்புக் கலையாமல் புதுசாக இருந்தது. நான் கண் வரைந்து காட்டுவதற்காகப் பொம்மையும் பெயிண்டும் அடுக்கி வைத்திருந்த மேஜையைப் பார்த்தாள். காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவருக்கு முடியலன்னா நான் போட்டுக் காட்டவா?" என்றாள். உட்கார்ந்தாள், போட்டாள்.

தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், மேடத்துக்கு நல்லா ட்ரெய்னிங் குடுத்திருக்கீங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பிரஷைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். நான் — சிரித்தேன்.

"ஆமா" என்றாள் அவள். "நல்லா சொல்லிக் குடுத்தார்."

ஏப்ரல் 28

காலையில் பேண்டேஜைப் பிரிக்கப் போனேன். "ஐயையோ, பிரிக்காதீங்க. வலிக்கும்ல" என்றாள். சாப்பாட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி, இடது கைப்பக்கம் ஸ்பூனை வைத்தாள். சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிட்டாள். முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 1

பேண்டேஜ் இன்னும் கையில். எதிர்வீட்டுக்காரர் விசாரிக்கிறார். ஆபீசில் மேலதிகாரியே வந்து விசாரித்தார். அவர் இதுவரை என்னிடம் பேசியதே இல்லை. மனைவி போனில் தன் அக்காவிடம் சொல்கிறாள்: "பாவம், ரொம்ப அவஸ்தைப்படறார்." கட்டுக்குள்ளே அரிக்கிறது. துன்பப்பட ஆசைப்பட்டேனே, அனுபவி.

மே 3, சனி

முடியல. அவ முன்னாடியே உட்கார்ந்து பிரிச்சுப் போட்டேன். கைக்கு ஒண்ணும் இல்ல, அன்னைக்கும் இல்லன்னு சொன்னேன். அவமானமா இருந்துச்சு, அதான் பேச முடியலன்னேன்.

கொஞ்ச நேரம் பேண்டேஜைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "கட்டு கையிலதானே இருந்துச்சு?" என்றாள். "வாய் நல்லாத்தானே இருந்துச்சு?"

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "அன்னைக்கு சனிக்கிழமை கடையை மூடிட்டு வந்தேன் பாருங்க. நம்ம வேலை மேல உங்களுக்கு ஆசை வந்திருக்குன்னு நினைச்சேன்."

என்ன சொல்வது இதற்கு? புகார் மனுவில் எழுதுவதுபோல "கவனிக்கப்படும்" என்றா?

மே 11, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கண் என்னுடையது இல்லை, என் மனைவி போட்டது, பேண்டேஜும் பொய்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திட்டவில்லை. விதிப்புத்தகத்தை எடுத்தார்கள். உறுப்பினர் அல்லாதவர் போட்ட கண் செல்லுமா? நக பிரஷ் அனுமதிக்கப்பட்ட கருவியா? துணைத்தலைவர்கள் மூவருக்கும் மூன்று கருத்து. கடைசியில் என் சான்றிதழை வாங்கி, "முதல் பரிசு" என்பதற்குக் கீழே "கண்கள் நீங்கலாக" என்று எழுதி, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். தன் மனைவி வரைந்திருந்தால் தானும் சொல்லியிருக்கப் போவதில்லை என்று பொருளாளர் என் காதில் ஆறுதல் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

மனைவியிடம் சான்றிதழைக் காட்டினேன். வாசித்தாள். உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கண்கள் நீங்கலாக" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மே 14

தலைவர் அவளுக்கே போன் பண்ணி, மகளிர் அணித் தலைவி பதவி தருவதாகச் சொன்னாராம். அணியில் யார் யார் என்று கேட்டாளாம். இப்போதைக்கு நீங்கள்தான் என்றாராம். "கடையில ஆள் காத்திருக்காங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

மாலையில் ஒரு பெட்டியோடு வந்தாள். சண்டை போடும் ரோபோ இல்லை. மூட்டை தூக்கும் ரோபோ, குட்டை, தொந்தி வேறு. பொம்மைக் கடையில் யாரும் சீந்தாத மாடல். பக்கத்தில் ஒரு டிரைவர் பெண்ணும் உண்டு.

"கலர் நான். மத்ததெல்லாம் உங்களால முடியுமா?" என்றாள்.

முடியும் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் கண்காட்சி. மூட்டை தூக்கி ரோபோவுக்குப் பச்சை பூசி, தொந்தியில் துருவும் கீறலும் வரைந்து, அந்த டிரைவர் பெண்ணுக்குத் தூக்கம் கெட்ட கண் போட்டிருந்தாள். அட்டையில் அவள் பெயர். ஜனங்கள் முண்டியடித்துப் பார்த்தார்கள். நான் பின்னால், பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியூர்க்காரர் ஒருவர் அவளிடம், "முழுக்க நீங்களே பண்ணதா மேடம்?" என்று கேட்டார்.

"இல்ல இல்ல" என்று திரும்பி, கூட்டத்துக்குள் கையை விட்டு என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "வெட்டினது, தேய்ச்சது, ஒட்டினது எல்லாம் இவர்தான். ஒட்டின கோடு எங்கயாவது தெரியுதா பாருங்க."

அந்த ஆள் குனிந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தெரியவில்லை என்றார்.