மகாராஜாவின் நாற்காலியில் வேறொருவர்

மயிலாப்பூர், 3.10.99

லண்டன் மகாராணிக்கு,

லஸ் முனை பிரௌசிங் சென்டரில் உன் சித்தப்பாவின் சாம்ராஜ்யம் கொழிக்கிறது. சாட் ரூமில் ‘மயிலாப்பூர் மகாராஜா’ நுழைந்தால் ஏழு கண்டமும் எழுந்து நிற்கிறது. பிரேசிலில் ஒரு பல் டாக்டர் என்னைக் கேட்காமல் யாருக்கும் பல் பிடுங்குவதில்லை. வெளியே நாலு மணி வெயில். உள்ளே ஏசி குளிரில், திரையின் நீல வெளிச்சத்தில், லண்டன் நம் தெப்பக்குளத்துக்கு அக்கரையில் இருப்பதுபோல் தோன்றுகிறது.

நேற்று நீ, “தூங்கிட்டேளா சித்தப்பா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டாய். மகாராஜா அப்போது வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தது உன் அப்பா.

நீ ஆசைப்பட்டுச் செய்துகொண்ட கல்யாணத்துக்கு வராத அதே அப்பாதான். “இந்த வெட்டிப் பேச்சை நானும் பார்க்கறேன்” என்று மூன்று வாரமாகக் கூட வருகிறார். பிள்ளையார் சுழி போடாமல் எழுதமாட்டாரே. கீபோர்டில் அதைத் தேடியே பத்து நிமிஷம். கடைசியில் ஜாடை ஒத்துப்போகிறதென்று 2 என்று தட்டி, கீழே ‘சௌக்கியமா’ என்று முடிப்பதற்குள் நீ இல்லை.

“வேலை இருக்கும் அவளுக்கு” என்றார்.

சாட்டில் இதைச் சொல்ல முடியாது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தபால் வந்துசேரப் பத்து நாள் ஆகும். அதனால் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, இங்கே நாலு மணிக்கு மகாராஜாவுக்குக் காபி தாகம் எடுக்கும். திரையில் 2 வந்தால், அடுத்த எழுத்துக்கு ஒரு யுகம் ஆனாலும் இரு.

திரையில் உன்னால் அவரைப் பார்க்க முடியாதென்று நான் சொல்லியும் கேட்காமல், சனிக்கிழமைக்கென்று வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

முடிசூடிய உன் சித்தப்பா