முதல் வாரத்து டியூப்கள்

மார்ச் 3

ஃப்ரீசரில் இடமில்லை. எப்படி இருக்கும்? எலிகளுக்குத் தடுப்பூசி போட்ட ஏழாம் நாள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தையெல்லாம் டெக்னீஷியன் அம்மாள் பொக்கிஷம்போல அடுக்கி வைத்திருக்கிறாள். நாற்பது டியூப். முதல் வாரத்து ஆன்டிபாடியாம்! எதையும் உருப்படியாகப் பிடிக்கத் தெரியாத வெட்டிக் கும்பல். எனக்கு வேண்டியது ஆறாம் வாரத்தில் வருமே, கிருமியை உடும்புப்பிடி பிடிப்பது, அதுதான். ஜூனில் இயக்குநரிடம் அதைக் காட்டாவிட்டால் என் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

மார்ச் 4

"முதல்ல வர்றதுதான் சார் பின்னால வர்றதுக்கு வழி போடுது. அது கிருமிமேல ஒட்டிக்கிட்டா, அதைவிட இறுக்கமாப் பிடிக்கிற ஆன்டிபாடியச் செய்யற செல்லுக்குத்தான் அப்புறம் இடம். டியூப் இருக்கட்டும் சார்."

இருபது வருஷமாக டியூப் கழுவுகிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். எல்லாம் என் நேரம். "கொட்டும்மா" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டினாள்.

மார்ச் 5

ஃப்ரீசரில் தாராளமாக இடம். நிம்மதி.

ஏப்ரல் 9

ஆறாம் வாரம் வந்துவிட்டது. நாற்பது எலி, ஒரே மருந்து, ஒரே அளவு. பாதி எலிகளின் ஆன்டிபாடி பிடித்த பிடியை விடவில்லை. மீதிப் பாதியுடையது தொட்டதும் நழுவுகிறது. ஏன்? தீனி சரியில்லையோ? இல்லை, இவள் ஊசி போட்ட லட்சணம் அப்படி!

ஏப்ரல் 10

ஊசி போட்டது நான்தான். மறந்து தொலைத்தேன்.

ஜூன் 2

கூட்டத்தில் நான் விளக்கும்போது இயக்குநர் பாதிநேரம் கொட்டாவி விட்டார். பிறகு ஒரே கேள்வி: "பாதி நல்லா வந்திருக்கு, பாதி வரல. முதல் வாரத்துலயே வித்தியாசம் இருந்துச்சா?"

இல்லாத தாளைத் தேடுவதுபோல ஃபைலைப் புரட்டினேன். கடைசி வரிசையில் டெக்னீஷியன் அம்மாள். வாயைத் திறந்திருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். திறக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

என் மனசே என்னைக் காறித் துப்பியது: த்தூ! இவ்ளோ படிச்சு என்னத்தக் கிழிச்ச? அவ தலைதலையா அடிச்சுக்கிட்டாளே, கேட்டியா? கொட்டச் சொன்ன வாய் எங்க போச்சு இன்னிக்கு?

கடைசியில் நானே எழுந்து சொன்னேன்: "அவங்க வச்சிருந்தாங்க. நான்தான் கொட்டச் சொன்னேன்."

ஜூன் 3

இன்னும் ஒரே ஒரு தடவை செய்து பார்க்க அனுமதி. ஆனால் சீரம் மொத்தமும் அந்த அம்மாள் பொறுப்பில்.

ஜூன் 20

புது எலிகளுக்கு இன்று ஏழாம் நாள். நாற்பது டியூபிலும் தேதியை நானே எழுதினேன். ஃப்ரீசர் பூட்டியிருந்தது. பெட்டியை ஏந்திக்கொண்டு அந்த அம்மாளின் மேஜை முன்னால் நின்றேன்.

"கொஞ்சம் தொறந்து விடுங்கம்மா."

என்னை உட்காரச் சொல்லிவிட்டு, டியூப்களை இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் சாவியை எடுத்தார்.