வலித்ததா என்று கேட்டவருக்கு

ஏனுங்க,

இன்று காலை முகம் கழுவித் துடைக்கும்போது துண்டின் நூல் ஒன்று என் மூக்குத்தியில் மாட்டிக்கொண்டது. சுருக்கென்று இழுத்தது. வலது கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. எல்லா விஷயத்திலும் மூக்கை நுழைப்பவள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்த மூக்கைத்தான் போன மாதம் குத்திக்கொண்டேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், அதுவும் நீங்கள் போன பிறகு. ஊர் பேசுகிறது, பேசட்டும். உங்களிடம் சொல்ல எனக்கு வேறொரு சேதி இருக்கிறது. ஆயுசெல்லாம் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நாம் இருவரும் முகத்தையா பார்த்தோம், மூக்கைத்தானே பார்த்தோம். எங்கள் வீட்டுப் பெண்கள் மூக்குக் குத்துவதில்லை. ஏன் என்று சின்ன வயதில் எல்லாரையும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வழக்கமில்லை என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் வலது மூக்கிலோ கடுகளவு ஒரு பள்ளம் இருந்தது. பொண்ணு மூக்கு வெறும் மூக்கு, மாப்பிள்ளை மூக்கில் ஓட்டை என்று சமையலறையில் என் தங்கை சொல்லிச் சிரித்தது கூடம் வரை கேட்டது. நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் சம்மதம் சொன்னேன்.

கல்யாணமானதும் உங்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான். உங்களுக்கு முன் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக வந்த உங்களைக் குப்பைமேட்டில் கிடத்த, பக்கத்து வீட்டு அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து விலைக்கு வாங்கி, திரும்ப உங்களைப் பெற்ற அத்தையிடமே வளர்க்கக் கொடுத்தாராம். ஆசாரியை வரவழைத்து மூக்கும் குத்தினார்கள். விலைபோன பிள்ளை, ஊனப்பட்ட பிள்ளை, இது நமக்கு எதற்கு என்று எமன் விட்டுவிடுவான் என்பது கணக்கு. பள்ளிக்கூடத்துப் பையன்களின் கேலி தாங்காமல் நீங்கள் அடம்பிடித்த பிறகு, குலசாமி கோயிலில் வைத்து மூக்குத்தியைக் கழற்றினார்கள். துளை மட்டும் முழுதாகத் தூரவே இல்லை.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றுவீர்கள். போகிற ஊரிலெல்லாம் உங்கள் மூக்கைப் பார்த்து யாராவது கேட்பார்கள். ஓர் ஊரில் தேள் கொட்டியது, இன்னோர் ஊரில் கல் தெறித்தது. ஊருக்கு ஒரு கதை விட்டுவிட்டு வந்து, வீட்டில் எனக்கு அதை நடித்துக் காட்டுவீர்கள். கதை தீர்ந்ததும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "ஊர் ஊராப் போயி ஓட்ட போடறவன் நானு. எனக்குப் போட்ட ஓட்ட மட்டும் ஞாபகமில்ல பாரு. வலிச்சிருக்குமா?" என்பீர்கள்.

விளையாட்டாகத்தான் கேட்பீர்கள். ஆனால் விடமாட்டீர்கள். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சாப்பிட்டுக்கொண்டே அத்தையிடம், "ஏம்மா, எனக்கு வலிச்சுதா?" என்று ஆரம்பிப்பீர்கள். "அந்தப் பேச்செதுக்கு சாமி, சோத்தத் தின்னு" என்று சொல்லிவிட்டு அத்தை ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்விடுவார். பச்சைப் பிள்ளையைக் குத்த விட்டோமே என்று இத்தனை வருஷமும் மருகுகிறார் போலிருக்கிறது என்று நாம் இருவரும் நினைத்துக்கொண்டோம். தப்பாக நினைத்திருக்கிறோம்.

நீங்கள் ராஜஸ்தானில் வண்டிக்குள் படுத்தவர், விடிந்து எழுப்பும்போது எழவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். காரியத்தன்று என் கழுத்தையும் கையையும் வெறுமையாக்கிய பெண்களில் ஒருத்தி, பழக்கத்தில் என் மூக்கைத் தடவிப் பார்த்தாள். கழற்ற அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் மூக்கிலும் வெறும் துளைதான், மாமா போனபோது கழற்றியது. அந்த நேரத்திலும் எனக்கு உங்கள் கேள்விதான் ஞாபகம் வந்தது. இனி அதை யார் கேட்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போன மாதம் சேலத்தில் வேலை பார்க்கும் நம் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். மூக்குக் குத்திக்கொள்ளப் போகிறேன், துணைக்கு வா என்று அம்மாபேட்டையில் ஒரு பியூட்டி பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்கார்ந்து, பொட்டு வைத்துக் குறித்தாயிற்று. ஊசியைப் பார்த்ததும் உங்கள் மகள் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, வலிக்குங்களா?" என்றாள். அப்படியே உங்கள் குரல், கடைசி எழுத்தை இழுப்பது உட்பட. பார்லர் பெண் எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ எழுந்திரு, எனக்குக் குத்தட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்னமும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

விவரமாகக் கேளுங்கள். எந்தப் பக்கம் என்றாள், வலது என்றேன். மூச்சை இழுத்துவிடச் சொன்னாள். எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. குருத்தெலும்பு கரக்கென்று நெரிகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. மூக்கிலிருந்து நெற்றி வரை சூடு ஏறியது. தும்மல் வருவது போல வந்து நின்றது. நான் அழவில்லை, ஆனால் வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. இரண்டு கண்ணுக்கும் சம்பந்தமே இல்லாதது மாதிரி இடது கண் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. உங்களிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. உங்கள் மகள் அன்று மட்டுமல்ல, இன்றுவரை குத்திக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சங்ககிரி தாண்டியதும் பயம் பிடித்துக்கொண்டது. ஊரைப் பற்றி இல்லை. இந்த வீட்டில் இப்போது நானும் அத்தையும் மட்டும்தான். உங்களைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவர். தாலி இறங்கிய மருமகள் மூக்குத்தியோடு வந்து நின்றால் அவர் முகம் என்ன ஆகும்? பேச்சை நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன்?

வீட்டுக்கு வந்ததும் சளி பிடித்தவள் மாதிரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்த அத்தை, முந்தானையை விலக்கி என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கழற்றிவிடுகிறேன் என்று உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"வலிச்சுதா அம்மிணி?" என்றார்.

"வலிச்சுதுங்க அத்த. அவிய உங்ககிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களே, அதென்னன்னு பாக்கலாம்னுதான்..." என்று சொல்லி முடிக்க முடியாமல் நிறுத்தினேன்.

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவராகவே பேச ஆரம்பித்தார். ஆசாரி உங்களுக்குக் குத்தும்போது அவர் அங்கே இல்லையாம். பார்க்கத் தைரியமில்லாமல் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். முதல் இரண்டு குழந்தைகளும் அழுவதை நிறுத்திய பிறகுதான் போயினவாம். அதனால் தொட்டிலில் சத்தம் இல்லாவிட்டாலே அவருக்கு உயிர் நடுங்கும். உள்ளே குத்தியாயிற்று என்று யாரோ சொல்கிறார்கள், உங்கள் சத்தத்தைக் காணோம். இதுவும் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். அப்புறம்தான் நீங்கள் வீறிட்டிருக்கிறீர்கள், தெருமுனை வரை கேட்கிற மாதிரி.

"எல்லாரும் அய்யோ பாவம்னாங்க. நான் சிரிச்சேன் அம்மிணி. அடக்க முடியாம சிரிச்சேன். பச்சப்புள்ளைக்கு வலிக்குது, பெத்தவ சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். வலிச்சுதான்னு அவன் கேக்கறப்ப இத எப்படிச் சொல்லுவேன்?" என்றார். பிறகு, மெதுவாக, "கடைசீல சத்தமே போடாமப் போயிட்டான்" என்றார். உங்களைக் கொண்டுவந்து இறக்கிய அன்றுகூட அத்தை அப்படி அழவில்லை. நானும் அழுதேன், இந்த முறை இரண்டு கண்ணிலும்.

மூக்குத்தியைப் பற்றி அவர் சொன்னது, புண் ஆறுகிற வரை தொடாதே என்பது மட்டும்தான். மறுநாள் பால் ஊற்ற வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று இழுத்தபோது, "நாந்தான் குத்திக்கச் சொன்னேன், இப்ப என்னங்கற?" என்று அத்தை கேட்டார். அவள் பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

ஏனுங்க, வலித்திருக்கிறது. நன்றாகவே வலித்திருக்கிறது. நீங்கள் வீறிட்டு அழுதீர்கள், அந்த அழுகையைக் கேட்டு உங்கள் அம்மா சந்தோஷம் தாங்காமல் சிரித்தார். சோற்றில் கை வைத்துக்கொண்டு இதை நீங்களே அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலே போயிற்று, அது ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.