நடுவில் கைப்பிடி வைத்த பெஞ்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தாய், எனக்கே தெரியவில்லை. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஏழை, பணக்காரர் என்றில்லாமல் எல்லோரும் கூடும்படி இந்நகரின் மையத்தை வடிவமைக்கிறோம். வீடில்லாதவர்கள் படுத்துவிடாதபடி பெஞ்சுகளின் நடுவே கைப்பிடி வைக்கச் சொன்னார் மேலாளர்.

"அப்புறம் திட்டத்துல எல்லாருக்கும்னு ஏன் சார் எழுதினோம்?" என்றேன்.

"உட்கார எல்லாரும் வரலாம் மேடம். நாளைக்கு வரைபடத்துல கையெழுத்துப் போடுங்க, இல்ல ஊருக்கு டிக்கெட் போடுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உன் பேத்தியின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாதே.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, துவைக்காததானாலும் சரி. அவசரமாக முடிக்கிறேன்.

உன் மகள்

மறுநாள் சேர்த்தது: கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாதிரிக்குப் போட்டிருந்த பெஞ்சில், உன்னைப்போல் முழங்கால் நோகிற ஒரு அம்மாள் கைப்பிடியை ஊன்றி எழுந்து, "இதை வெச்சவங்க நல்லா இருக்கணும்" என்றார். நான்தான் என்று சொல்லவில்லை.