புகார் எதுவும் வரவில்லை

பள்ளங்கி
14.11.2007

அன்பு மகள் ஜோதிமணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே ஹைதராபாத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க பழனியாண்டவர் துணை. உன் கடிதம் வந்து மூன்று வாரமாச்சு, பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டேன், கோவிச்சுக்காதே. இங்கே விடாத மழை, பூண்டுக் காட்டில் தண்ணி நிக்குதென்று அப்பா வெள்ளனே போனால் இருட்டித்தான் வருகிறார்.

நூற்றுப் பன்னிரண்டு கம்பெனிகளின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, எந்தச் சொல் எதோடு சேர்ந்து எத்தனை தடவை வருகிறது என்று பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற டேட்டா மைனிங் பற்றி நீ எழுதியது எனக்குப் புரிந்தது. அதில் நம்ம ஊர்ப் பூக்கம்பெனி நல்ல கம்பெனி வரிசையில மூணாவது இடம்மா, எங்கம்மா வேலை பார்க்கிற இடம்னு காலேஜ் சார்கிட்ட பெருமையாச் சொன்னேன் என்று எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வருஷமாக அந்த அறிக்கையை இங்கிலீஷில் எழுதுகிறவள் நான்தான் ஜோதி. பொதுமக்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை என்ற வரியும் நான் போட்டதுதான். இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தோடு வந்தால்தான் புகார், வாயால் சொன்னதை நோட்டில் ஏற்றக்கூடாது, அது மேனேஜர் திருமலைச்சாமி வைத்த சட்டம். பத்தொன்பது வயசில் உன்னைப் பெத்தப்ப உனக்கு முதல் தண்ணி ஊத்தின கந்தம்மாள் அக்கா, கம்பெனித் தண்ணி வந்து விழுற ஓடையில மருந்து வாடை, கன்னுக்குட்டி செத்துப்போச்சு என்று அஞ்சு தடவை ஆபீஸ் வாசலில் வந்து நின்னாங்க. எழுதிக் கொடுங்கக்கா என்று அஞ்சு தடவையும் சொன்னேன். அவங்களுக்கு எழுதத் தெரியாது என்று தெரிந்தேதான் சொன்னேன். ஏத்தா மகாதேவி, இங்கிலீசுல கத்தினாத்தான் ஒங்க கம்பெனிக்குக் காது கேக்கும்னா என் கன்னுக்குட்டிக்கும் படிச்சுக் குடுத்திருப்பேனே என்று சிரித்துவிட்டுப் போனாங்க.

ஐப்பசி பிறந்ததும் அவங்க பேத்தி, மகன் ஞானவேலின் மூன்று வயதுப் பிள்ளை, ஓடையில் விளையாடிவிட்டு வந்து நுரை தள்ளி விழுந்துவிட்டது. மதுரைக்குத் தூக்கிப் போனார்கள். கம்பெனியில் என்ன மருந்து அடிக்கிறார்கள், பேரை வெரசாக் கேட்டுச் சொல்லுங்கள் என்றாராம் டாக்டர். ஞானவேல் ஆபீஸுக்குப் போன் பண்ணினான், எடுத்தது நான். எதிரே மேனேஜர். மருந்துப் பட்டியல் என் மேஜைக்குள்ளேயே இருந்தது, டைப் அடித்ததும் நான்தான். எழுதிக் கேளுப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் பிள்ளை போய்விட்டது. சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது.

நேற்று அவங்க வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். ஞானவேல் சுவரைப் பார்த்தே நின்றான். இப்பவாச்சும் எழுதுத்தா என்று அக்காதான் சொன்னாங்க. அங்கேயே உட்கார்ந்து கன்னுக்குட்டியிலிருந்து பிள்ளை வரைக்கும் தேதி போட்டு இங்கிலீஷில் எழுதினேன், ஞானவேல் கையெழுத்து, அக்கா கைநாட்டு. இன்று காலை அதைப் புகார் நோட்டில் ஏற்றிவிட்டேன், முதல் பக்கத்தில். மேனேஜர் திங்கட்கிழமைதான் வருகிறார், என் வேலை போகும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது. புகாரின் நகலும் மருந்துப் பட்டியலும் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கட்டுரை மாதக் கடைசியில் போகிறது என்றாயே, அதற்குள் அந்த மூணாவது இடத்தை எடுத்துவிடு, மறந்துவிடாதே. சார் காரணம் கேட்டால் எங்கம்மா எழுதினது பொய் என்று கூசாமல் சொல்லு. நீ தீர்க்காயுசாக, நல்ல பேரோடு இருக்கணும். என் மேல் கோபம் வந்தால் அதையும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
மகாதேவி