என் வீட்டு முகவரிக்கே ஒரு வேலை

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

இங்கே டுலூத் ஊரில் பனி கொட்டுகிறது. போன வாரம் என் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் ஹாலிக்கிடம் சொன்னேன்; சிரித்தார்.

"ஊர் ஹீட்டரையெல்லாம் ரிப்பேர் பண்றவன்தானே நீ? ரிப்பேர் உன் பொறுப்புன்னு வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்து வேற போட்டிருக்கே!"

"ஒப்பந்தத்துல இருக்கிற அந்த வரி செல்லாது சார். எதை எழுதி வாங்கினாலும் வீட்டைச் சூடா வெச்சுக்க வேண்டியது நீங்கதான். இந்த மாநிலச் சட்டம் அது."

பத்து நிமிட வேலைதான். ஆனாலும் நான் தொடவில்லை. காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தோடு, இரண்டு நாள் கோட்டைக் கழற்றாமலே தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் கம்பெனி கொடுத்த முதல் வேலைச் சீட்டில் என் வீட்டு முகவரி! வாசலில் காத்திருந்த ஹாலிக் என்னைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார்.

"அடப்பாவி, நான் கம்பெனிக்கு போன் பண்ணினா உன்னையேவா அனுப்பினாங்க?"

"ஆமா சார். வேலை முடிஞ்சதும் இந்த பில்லுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பிறகு காப்பி கொடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார்.

இப்போது வீடு கதகதப்பாக இருக்கிறது. இருந்தாலும் உன் பச்சைக் கம்பளியை அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் டாரல்