கறையான் மேல் போட்ட பழி

என் வீட்டு மகாராணிக்கு, உன் அடிமை எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலியும் என் அம்மாவின் வாயும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஆவணக் காப்பகத்தில் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் தூக்கி வந்து வைப்பதுதான் என் வேலை. முன்னோரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். நேற்று வந்த ஒரு அம்மா ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டு அழுதார்.

"எங்க அம்மா பேருய்யா. முகம்கூடத் தெரியாது எனக்கு. உங்க வீட்ல இப்படி யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களா?"

"மாமனார் வச்சிருந்தாருங்க" என்றேன். அடுத்த பதிவேட்டை எடுக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

குடும்பத்தார் பெயரெல்லாம் உன் அப்பா எழுதி வைத்த நோட்டைக் கறையான் தின்றுவிட்டது என்று சொன்னேன் அல்லவா? பொய். விறகு நனைந்த அன்று வெந்நீர் அடுப்புக்கு நான்தான் கிழித்துப் போட்டேன். கறையான் தின்ற ஏடுகளை இங்கே தினமும் கூட்டி அள்ளுகிறேன். மண்ணும் தூளும் முறம் முறமாக வருகின்றன. அன்று நோட்டைத் தேடி நீ திறந்த நம் வீட்டுப் பெட்டியோ துடைத்த மாதிரி இருந்தது. தெரிந்துதான் சும்மா இருந்தாயா? ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தினாலே ஊரைக் கூட்டுகிறவள், அன்று ஒரு வார்த்தை பேசவில்லையே.

உன் பெரியத்தைக்கு நினைவு இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக எழுது, உன் கையெழுத்தை எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நோட்டு வாங்கி வைத்துவிட்டேன். கடிதத்தோடு சட்டைக்கு நாலு பொத்தானும் வை. அன்று திட்டாமல் விட்டதையும் சேர்த்து எழுது. இங்கே என்னைத் திட்ட ஆளில்லை.

பதிவேடு கேட்டுக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக் கறையான்